திரும்ப அழைக்கப்படும் வேன்கள்

ஏழு பேர் அமரக்கூடிய வேன் பெரிய குடும்பத்திற்கு ஏற்ற வாகனம். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என அனைவரும் ஒன்றாகப் பயணம் செய்யலாம். பெருநாள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெட்டிகளும் பலகார டின்களும் பின்னால் அடங்கிவிடும். புதிய வேனின் விலை அதிகம் என்பதால், பத்து அல்லது பதினைந்து ஆண்டு ஓடிய வேனை வாங்கும் குடும்பங்கள் பல.

பழைய வேனை வாங்குவோர் இயந்திரத்தின் ஒலியைக் கவனிக்கின்றனர். டயரின் தேய்மானத்தைப் பார்க்கின்றனர். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிக்கின்றனர். சற்றுத் தூரம் ஓட்டியும் பார்க்கின்றனர். இவை அனைத்தும் தேவையானவைதாம். ஆயினும், இவற்றால் கண்டுபிடிக்க முடியாத குறைகளும் உண்டு. அத்தகைய குறை இருப்பதைச் சில வேளைகளில் வேனைத் தயாரித்த நிறுவனமே பல ஆண்டுகளுக்கு முன் அறிவித்திருக்கும். அந்த அறிவிப்பு இப்போதைய உரிமையாளரின் காதுக்கு எட்டாமலேயே போயிருக்கும்.

தேய்மானமும் குறையும்

வாகனத்தின் பாகங்கள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். பிரேக் கட்டைகள் தேய்வதும், டயர் வழுவழுப்பாவதும், மின்கலம் வலுவிழப்பதும் இயல்பு. இவற்றை உரிய காலத்தில் மாற்றுவது உரிமையாளரின் பொறுப்பு.

பாதுகாப்புக் குறை என்பது வேறு. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ ஏற்பட்ட தவற்றால் ஒரு பாகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் போகலாம். அதனால் பயணிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து நேரலாம். உரிமையாளர் எவ்வளவு கவனமாகப் பராமரித்தாலும் அந்தக் குறை நீங்காது. அதே தவறு ஒரே காலத்தில் தயாரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வாகனங்களிலும் இருக்கும். எனவே, நிறுவனம் அவ்வாகனங்களின் உரிமையாளர்களுக்குத் தகவல் அனுப்பி, வாகனங்களைச் சேவை மையத்திற்கு வரவழைத்து, குறையைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். இதுவே திரும்ப அழைத்தல் எனப்படுகிறது.

இந்த நடைமுறைக்கு வலுவான சட்டம் இயற்றிய நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அங்கு 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர், 1970ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அமைக்கப்பட்டது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் தங்கள் வாகனத்தில் கண்ட குறையைப் பற்றி அதனிடம் முறையிடலாம். ஒரே மாதிரியான முறையீடுகள் பல வந்தால், அந்நிர்வாகம் விசாரணை நடத்தும். ஆகவே, ஓர் உரிமையாளர் அனுப்பும் முறையீடு, முன்பின் அறியாத பல குடும்பங்களைக் காக்கும் விசாரணைக்கு வித்தாகலாம்.

குடும்ப வேன்கள் பெருகியதும் அமெரிக்காவில்தான். 1983ஆம் ஆண்டின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் தன் குடும்ப வேன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. தாழ்ந்த தளம், பக்கவாட்டில் நகரும் கதவு, மூன்று வரிசை இருக்கைகள் ஆகியவை குடும்பங்களைக் கவர்ந்தன. பின்னர் ஃபோர்டு வின்ட்ஸ்டார், டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி போன்ற வேன்களும் வந்தன. இவை பழையனவாகும்போது என்னென்ன குறைகள் வெளிப்பட்டன என்பதை அங்கு வெளியான அறிவிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன.

உப்பு அரித்த இரும்பு

அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறையும். வாகனங்கள் வழுக்காமல் இருக்க, பனியை உருக்கும் உப்பைச் சாலையில் தூவுவார்கள். அந்த உப்பு நீரோடு கலந்து வாகனத்தின் அடிப்பகுதியில் தெறிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இரும்பு துருப்பிடிக்கும்.

சியன்னா வேனின் உதிரிச் சக்கரம் அதன் அடிப்பகுதியில் ஓர் எஃகுக் கம்பிவடத்தால் தாங்கப்பட்டிருந்தது. உப்பு நீர் பட்டுப் பட்டு அந்த வடம் அரிக்கப்பட்டால், அது அறுந்து சக்கரம் ஓடும் சாலையிலேயே விழக்கூடும். வேனில் இருப்போருக்கு அது தெரியாமலும் போகலாம். பின்னால் வரும் வாகனமே அதன்மீது மோத நேரிடும். இதனால், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டொயோட்டா சுமார் 600,000 சியன்னா வேன்களைத் திரும்ப அழைத்தது. அவை 1998 முதல் 2010 வரையிலான மாதிரிகள். குளிர் மிகுந்த மாநிலங்களில் விற்கப்பட்டவை அல்லது பதிவு செய்யப்பட்டவை.

அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனமும் 1998 முதல் 2003 வரையிலான வின்ட்ஸ்டார் வேன்களைத் திரும்ப அழைத்தது. உப்பு தூவப்படும் மாநிலங்களில் ஓடிய அவ்வேன்களின் பின் அச்சு துருப்பிடித்து முறியும் அபாயம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அச்சு முறிந்தால் ஓட்டுநர் வாகனத்தைக் கட்டுப்படுத்துவது கடினம்.

இவ்விரண்டு அறிவிப்புகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. புதிய வேனில் இந்த ஆபத்து தலைகாட்டவில்லை. காலமும் தட்பவெப்பநிலையும் சேர்ந்தே மறைந்திருந்த குறையை வெளிக்கொணர்ந்தன.

கதவும் கியரும் இருக்கையும்

குடும்ப வேனில் சிறுவர்கள் அதிகம் பயணம் செய்கின்றனர். எனவே, சாதாரணமாகத் தோன்றும் பாகங்களில் ஏற்படும் குறையும் பெரிய விபத்திற்குக் காரணமாகலாம்.

வாகனம் நிறுத்தப்பட்டிருக்கும்போது கியர் கைப்பிடி நிறுத்த நிலையில் இருக்கும். பிரேக்கை மிதித்தால்தான் அதை அந்நிலையிலிருந்து நகர்த்த முடியும். ஆனால், சில பழைய சியன்னா வேன்களில் பிரேக்கை மிதிக்காமலேயே கைப்பிடி நகரும் வாய்ப்பு இருந்தது. சரிவான இடத்தில் நிறுத்திய வேனில், பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தையின் கை பட்டாலே வேன் உருளத் தொடங்கிவிடலாம். இந்தக் குறைக்காக 2013ஆம் ஆண்டில் சுமார் 615,000 வேன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பழையவை 2004ஆம் ஆண்டின் மாதிரிகள். அதாவது, குறை அறிவிக்கப்பட்டபோது அவை ஏறக்குறைய பத்து ஆண்டு ஓடி முடித்திருந்தன.

மின்விசையால் நகரும் கதவு வசதியானது. ஆனால், பனி உறைவது போன்ற காரணங்களால் கதவு திறக்கத் தடை ஏற்பட்டால், அதன் மோட்டாருக்கு மிகுதியான மின்சாரம் பாயும். அப்போது மின்சுற்றைக் காக்கும் ஃபியூஸ் எரிந்துபோகும். அந்த நேரத்தில் கதவின் பூட்டு விடுபட்ட நிலையில் இருந்தால், வேன் ஓடும்போது கதவு திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. இக்காரணத்தால் 2016ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 744,000 சியன்னா வேன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இவை 2011 முதல் 2016 வரையிலான மாதிரிகள்.

ஹோண்டா ஒடிசி வேனின் இரண்டாம் வரிசை இருக்கைகளைக் கழற்றவும் பக்கவாட்டில் நகர்த்தவும் முடியும். மீண்டும் பொருத்தும்போது அவை சரியாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால், ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதிக்கும் வேளையில் இருக்கை முன்னோக்கிச் சாய்ந்துவிடலாம். 2017ஆம் ஆண்டில் சுமார் 800,000 ஒடிசி வேன்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இருக்கையில் அமர்ந்திருப்பவர் இருக்கை வாரை அணிந்திருந்தாலும், இருக்கையே சாய்ந்தால் வாரினால் முழுப் பாதுகாப்பும் கிடைக்காது.

காக்க வேண்டிய காற்றுப்பை

குறைகள் பலவற்றுள் உலகையே அச்சுறுத்தியது காற்றுப்பையில் இருந்த குறையாகும். விபத்து நேர்ந்தவுடன் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விரிந்து, பயணியின் தலையையும் மார்பையும் காக்க வேண்டும். பையை அவ்வளவு விரைவாக விரியச் செய்ய, ஓர் உலோகக் குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து வாயுவை உண்டாக்குகிறது.

ஜப்பானைச் சேர்ந்த டக்காட்டா நிறுவனம் இந்த வேதிப்பொருளாக அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. அது ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, ஈரப்பதமும் சேர, அழுத்தி உருவாக்கப்பட்ட அதன் வில்லைகள் ஆண்டுக்கணக்கில் சிதைந்தன. சிதைந்த வில்லைகள் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தன. அதனால் உண்டான அழுத்தத்தைத் தாங்க முடியாமல் உலோகக் குப்பி வெடித்து, அதன் சிதறல்கள் பையைக் கிழித்துக்கொண்டு பயணியைத் தாக்கின. உயிர் தப்பியிருக்கக்கூடிய சிறிய மோதல்களிலும் உயிர்கள் பறிபோயின.

2008ஆம் ஆண்டு நவம்பரில் ஹோண்டா இக்குறைக்காக முதன்முதலில் திரும்ப அழைத்த வாகனங்கள் சுமார் 4,000 மட்டுமே. அதன்பின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் காற்றுப்பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்நாட்டின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய வாகனத் திரும்ப அழைப்பு. பல நிறுவனங்களின் வாகனங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஒடிசி, சியன்னா ஆகிய குடும்ப வேன்களின் சில மாதிரிகளும் அவற்றுள் அடங்கும்.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிகாரிகள் ஓர் அவசர எச்சரிக்கையை வெளியிட்டனர். 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்குரா வாகனங்களின் காற்றுப்பைகளைச் சோதித்தபோது, அவை விரியும் வேளையில் குப்பி வெடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருப்பது தெரியவந்தது. அவ்வாகனங்களுள் 2002ஆம் ஆண்டின் ஒடிசி வேனும் ஒன்று. பழுதுபார்க்கும் இடத்திற்கு நேராக எடுத்துச் செல்வதைத் தவிர, வேறு எதற்காகவும் அவற்றை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் திரும்ப அழைப்பு அறிவிப்பு ஏற்கெனவே பல ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தது. எனினும், பழுதுபார்க்கப்படாமலேயே பல வாகனங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

காற்றுப்பைகளின் சோதனை முடிவுகளைத் திரித்துக் கொடுத்ததை டக்காட்டா நிறுவனம் 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவித்தது.

அமெரிக்காவிலும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஃபுளோரிடா, ஹவாயி போன்ற பகுதிகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. அந்தச் செய்தி மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும் பொருந்தும். இங்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. உப்பு இங்குள்ள வாகனங்களை அரிக்காவிட்டாலும், ஈரக்காற்று அவற்றைச் சூழ்ந்தே இருக்கிறது. டக்காட்டா காற்றுப்பையால் அமெரிக்காவிற்கு வெளியே பதிவான முதல் உயிரிழப்பு 2014ஆம் ஆண்டு மலேசியாவில் நேர்ந்தது. அதன் பின்னரும் இந்நாட்டில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. தொலைதூர நாட்டின் செய்தி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கடிதம் சென்று சேராத வீடு

திரும்ப அழைப்பு அறிவிக்கப்பட்டவுடன் குறை நீங்கிவிடுவதில்லை. உரிமையாளர் வாகனத்தைக் கொண்டு சென்றால்தான் அது நீங்கும். பழைய வாகனங்களில் இது தடைபடுவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, அறிவிப்புக் கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்கே செல்லும். பத்து ஆண்டுகளில் ஒரு வேன் மூன்று, நான்கு பேரிடம் கைமாறியிருக்கலாம். உரிமையாளர் வீடு மாறியும் இருக்கலாம். கடிதம் பழைய வீட்டின் வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவதாக, கடிதம் கிடைத்தாலும் சிலர் அதை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகின்றனர். ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று எண்ணுவோரும் உளர். காற்றுப்பையின் குறை, விபத்து நேரும்வரை எந்த அறிகுறியையும் காட்டாது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

மூன்றாவதாக, மாற்றுப் பாகங்கள் உடனே கிடைக்காமல் போகலாம். டக்காட்டா காற்றுப்பைகளை மாற்ற உரிமையாளர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் காலத்தில் சிலர் அதை மறந்தே போயினர்.

சட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கச் சட்டத்தின்படி, முதல் உரிமையாளருக்கு விற்கப்பட்டு 15 ஆண்டுக்கு மேல் ஆன பின்னர் திரும்ப அழைப்பு அறிவிக்கப்பட்டால், கட்டணமின்றிச் சரிசெய்யும் கடமை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. மிகப் பழைய வேனின் உரிமையாளர் அறிவிப்பை நாடித் தேடுவதில் காலம் தாழ்த்தக்கூடாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்றொரு சிக்கலும் உண்டு. இங்கு ஓடும் குடும்ப வேன்களுள் சில, ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு இறக்குமதி செய்யப்பட்டவை. அவற்றின் முதல் பதிவு வேறொரு நாட்டில் இருப்பதால், உரிமையாளரே முன்வந்து விசாரிப்பது இன்னும் இன்றியமையாததாகிறது.

எண்ணைக் கேட்டால் விடை கிடைக்கும்

ஒவ்வொரு வாகனத்திற்கும் தனி அடையாள எண் உண்டு. பெரும்பாலான வாகனங்களில் அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முன்கண்ணாடியின் அடியில் அல்லது ஓட்டுநர் பக்கக் கதவின் தூணில் அதைக் காணலாம். ஜப்பானியச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட வேன்களில் இதைவிடக் குறுகிய சேஸிஸ் எண் இருக்கும். வாகன உரிமைப் பத்திரத்திலும் சேஸிஸ் எண் குறிக்கப்பட்டிருக்கும்.

இந்த எண்ணைக் கொண்டு, வாகனத்தின் மீது நிறைவேற்றப்படாத திரும்ப அழைப்பு உள்ளதா என்பதை அறியலாம். வாகன நிறுவனங்கள் பல தங்கள் இணையத்தளத்தில் இதற்கான வசதியை வைத்துள்ளன. இணையத்தில் தேட இயலாதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திற்கு எண்ணைத் தெரிவித்துக் கேட்கலாம். பழைய வேனை வாங்குமுன் இதைச் செய்வது நல்லது. ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. பின்னாளில் புதிய அறிவிப்பு வரக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் சரிபார்க்க வேண்டும். வீடு மாறினால் பதிவேட்டில் முகவரியையும் மாற்ற வேண்டும். வேனை விற்கும்போது, கையில் உள்ள அறிவிப்புக் கடிதங்களையும் பழுதுபார்த்த சான்றுகளையும் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பழுதுபார்க்கும்வரை செய்யக்கூடியவையும் உள்ளன. கதவில் குறை என்றால் அந்தப் பக்கத்தில் சிறுவர்களை அமர்த்தாமல் இருக்கலாம். கியரில் குறை என்றால் கைப்பிரேக்கைத் தவறாமல் இழுக்கலாம். சிறுவர்களை வேனில் தனியே விடாமல் இருக்கலாம். ‘ஓட்ட வேண்டாம்’ என்று அறிவிப்பில் இருந்தால், அதை அப்படியே பின்பற்ற வேண்டும்.

தன் தவற்றை வெளிப்படையாக அறிவிப்பது நிறுவனத்தின் கடமை. அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. அறிவிப்பைத் தேடி அறிந்து, வாகனத்தைக் கொண்டு செல்வது உரிமையாளரின் கடமை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் எஞ்சிய இரண்டும் வீணாகும். ஒரு வேனில் ஏழு பேர் பயணம் செய்கின்றனர். அவர்களுள் இருக்கை வாரைப் போடவும் பிறர் உதவி தேவைப்படும் குழந்தையும் ஒருவராக இருக்கலாம். அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரிக்கச் சில நிமிடங்களே போதும்.

சொற்பொருள்

கம்பிவடம் – முறுக்கிய கம்பிகளால் ஆன வலிமையான கயிறு
அச்சு – சக்கரங்களை இணைத்துத் தாங்கும் தண்டு
வில்லை – அழுத்தி உருவாக்கப்பட்ட சிறு தட்டு
நொடித்துப்போதல் – கடனைச் செலுத்த இயலாத நிலையை அடைதல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

கருத்துணர் வினாக்கள்

1. தேய்மானத்திற்கும் பாதுகாப்புக் குறைக்கும் இடையிலான வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சியன்னா வேனின் உதிரிச் சக்கரம் தொடர்பான அறிவிப்பு ஏன் குறிப்பிட்ட சில மாநிலங்களுக்கு மட்டும் பொருந்தியது?
3. டக்காட்டா காற்றுப்பையின் குறை காலம் செல்லச் செல்ல ஏன் பெரிதாகியது?
4. திரும்ப அழைப்பு அறிவிக்கப்பட்ட பின்னரும் பழைய வேன்கள் பழுதுபார்க்கப்படாமல் இருப்பதற்கான காரணங்கள் மூன்றனைக் குறிப்பிடுக.
5. ‘திரும்ப அழைப்பை வெளியிடும் நிறுவனம் தரமற்ற நிறுவனம்.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? பனுவலில் உள்ள சான்றுகளைக் கொண்டு உன் கருத்தை எழுதுக.
6. உன் குடும்பத்தினர் பழைய வேன் ஒன்றை வாங்க எண்ணுகின்றனர். வாங்குமுன் அவர்கள் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைப் பட்டியலிடுக.